அமெரிக்க அரசும் மதமும்: வாதத்தில் இறங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா கிறிஸ்தவ நாடாக நிறுவப்பட்டதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

முடியாது. இந்த ஒரு கேள்விக்குள் நாலு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நிறுவியவர்கள் எதை நம்பினார்கள்? அவர்கள் எழுதிவைத்த ஆவணங்களில் என்ன இருக்கிறது? அந்தக் காலத்து மாநிலங்கள் எப்படி நடந்துகொண்டன? இன்றைய சட்டம் என்ன?

நாலுக்கும் பதில் வேறு வேறு. ஆட்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். அவர்கள் எழுதிய கூட்டாட்சி அரசமைப்புச் சட்டத்தில் மதத்துக்கு இடம் ஏறக்குறைய இல்லை. அதே சமயம் சில மாநிலங்கள் வரி வசூலித்துத் தேவாலயம் நடத்தின. இன்று எந்த மட்டத்து அரசும் அப்படிச் செய்ய முடியாது. ஒரு கேள்விக்கான ஆதாரத்தை எடுத்து இன்னொரு கேள்விக்குப் பதிலாக நீட்டுவதால்தான் இந்த விவாதம் பாதி நேரம் கோணல்மாணலாகப் போகிறது. எதிராளி நாலில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசமைப்புச் சட்டத்தில் ‘கடவுள்’ என்ற சொல் இருக்கிறதா?

இல்லை. 1787இல் எழுதிய மூலத்தில் மதத்தின் நிழல் விழும் இடங்கள் சொற்பம். முக்கியமானது ஆறாவது பிரிவு. எந்த அரசுப் பதவிக்கும் மதத் தகுதி ஒருபோதும் கேட்கக் கூடாது என்கிறது அது. அடுத்தது, காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற விதி. அந்தக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை சேராது. கடைசியாக, கையெழுத்துக்கு மேலே தேதி எழுதும்போது ‘நம் ஆண்டவரின் ஆண்டு’ என்ற வழக்கமான தொடர். (காங்கிரஸ் என்றால் இங்கே கட்சி அல்ல, அமெரிக்க நாடாளுமன்றம்.)

பதவிப் பிரமாணத்திலும் கவனிக்க ஒன்று உண்டு. ‘சத்தியம் செய்கிறேன்’ என்றோ ‘உறுதி கூறுகிறேன்’ என்றோ சொல்லலாம். சத்தியம் செய்வதையே பாவமாகக் கருதிய குவேக்கர் போன்ற பிரிவினருக்காக வைத்த வாசல் அது.

கடவுள் பெயர் விடுபட்டது தற்செயல் என்று வாதிடுபவர்களுக்கு 1861ஐக் காட்டுங்கள். பிரிந்துபோன தென் மாநிலங்கள் தங்களுக்கென்று ஒரு அரசமைப்பை எழுதிக்கொண்டபோது, முகவுரையிலேயே ‘எல்லாம் வல்ல கடவுளின்’ அருளை வேண்டிக்கொண்டன. அந்தச் சொற்கள் பழைய முகவுரையில் இல்லை என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. வடக்கிலும் 1864இல் ஒரு குழு, இயேசுவைத் தேசத்தின் ஆட்சியாளராக முகவுரையில் சேர்க்கக் கோரி மனுக் கொடுத்தது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை.

சுதந்திரப் பிரகடனத்தில் கடவுள் வருகிறாரே?

நாலு இடத்தில் வருகிறார். ‘இயற்கையின் கடவுள்’, ‘படைத்தவர்’, ‘உலகின் உச்ச நீதிபதி’, ‘தெய்வீகப் பாதுகாப்பு’. இயேசு இல்லை, பைபிள் இல்லை. தீவிரக் கிறிஸ்தவரும், பகுத்தறிவால் மட்டும் கடவுளை ஏற்றவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வசதியான சொற்கள் இவை.

1776இன் பிரகடனம் மன்னரிடமிருந்து ஏன் பிரிகிறோம் என்று உலகுக்குச் சொன்ன நியாயம். 1787இன் ஆவணம் அரசு எப்படி நடக்க வேண்டும் என்ற சட்டம். ஒரு தரப்பு முதல் தாளையும் மறு தரப்பு இரண்டாம் தாளையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறது.

அரசமைப்புச் சட்டத்தை எழுதிய பிலடெல்பியா மாநாடு தினமும் ஜெபத்தோடு தொடங்கியதாமே?

இல்லை. 1787 ஜூன் 28 அன்று, வாதம் முற்றி மாநாடு உடையும் நிலைக்கு வந்தபோது, 81 வயது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுந்து, இனி தினமும் ஒரு போதகரை அழைத்து ஜெபத்தோடு தொடங்கலாம் என்றார். இப்போது திடீரென்று ஜெபம் தொடங்கினால் உள்ளே ஏதோ விபரீதம் என்று வெளியே பேசுவார்களே என்று சிலர் தயங்கினார்கள். போதகருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றார் வட கரோலினாவின் ஹியூ வில்லியம்சன். வாக்கெடுப்புக்கே விடாமல் அன்றைய கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். மூன்று நாலு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று நினைத்ததாக ஃபிராங்க்ளினே தன் தாளில் குறித்து வைத்திருக்கிறார். யோசனை ஏற்கப்பட்டு மூன்று நாள் ஜெபம் நடந்தது என்பது பின்னால் கிளம்பிய கதை. அந்த மாநாட்டில் இருந்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மாடிசன் தன் முதுமையில் அதை மறுத்திருக்கிறார்.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் நீங்களும் பாதி உண்மைதான் சொன்னவர் ஆவீர்கள். 1789இல் கூடிய முதல் காங்கிரஸ் இரு அவைகளுக்கும் சம்பளம் கொடுத்துப் போதகர்களை அமர்த்தியது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. 1983இல் நெப்ராஸ்கா சட்டமன்றப் போதகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரலாற்றையே காரணம் காட்டி அதை அனுமதித்தது.

அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் உண்மையில் என்ன சொல்கிறது?

மதம் பற்றிய பகுதி ஆங்கிலத்தில் மொத்தம் 16 சொற்கள். ‘மதத்தை நிறுவுவது தொடர்பாகவோ, அதைத் தடையின்றிப் பின்பற்றுவதைத் தடுத்தோ காங்கிரஸ் எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது’ என்பது பொருள். 1791 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எழுவாய் ‘காங்கிரஸ்’ என்பதைக் கவனியுங்கள். மாநிலங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனச்சாட்சி உரிமையை மாநிலங்களும் மீறக் கூடாது என்று மாடிசன் 1789இல் தனியாக ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தன் பட்டியலிலேயே மிக மதிப்புள்ளது என்று அதைத்தான் சொன்னார். பிரதிநிதிகள் அவை ஏற்றது, செனட் வெட்டியது.

இன்னொரு சின்ன விஷயம். முக்கியத்துவம் கருதித்தான் மதச் சுதந்திரத்தை முதலிடத்தில் வைத்தார்கள் என்று மேடையில் பேசுவார்கள். மாநிலங்களுக்கு அனுப்பிய பட்டியலில் 12 திருத்தங்கள் இருந்தன, இது மூன்றாவது. முதல் இரண்டும் அப்போது தேறாததால் இது ‘முதல்’ ஆயிற்று. அந்த இரண்டில் ஒன்று 1992இல் 27ஆவது திருத்தமாகக் கரையேறியது தனிக் கதை.

அப்படியானால் மாநிலங்கள் அரசு மதம் வைத்துக்கொள்ளலாமா?

வைத்திருந்தன. கனெக்டிகட் 1818 வரை, நியூ ஹாம்ப்ஷயர் 1819 வரை, மாசசூசெட்ஸ் 1833 வரை. மாசசூசெட்ஸில் புராட்டஸ்டண்ட் போதகரின் சம்பளத்துக்கு ஊர்தோறும் வரி. நீங்கள் வேறு சபையைச் சேர்ந்தவர் என்றால், அதற்கான சான்றைக் காட்டி உங்கள் வரியை உங்கள் போதகருக்குத் திருப்பிவிடக் கேட்கலாம். சான்று செல்லுமா செல்லாதா என்பதில் தகராறு, வழக்கு. ‘என் சாமியைக் கும்பிட உன்னிடம் ஏன் சீட்டு வாங்க வேண்டும்?’ என்பது அரசு சபையில் சேராத புராட்டஸ்டண்ட் பிரிவினரான பாப்டிஸ்டுகளின் கேள்வி.

1868இல் வந்த 14ஆவது திருத்தம் மாநிலங்களின் கையைக் கட்டக் கயிறு கொடுத்தது. முடிச்சுப் போட மேலும் 70 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மதத்தைப் பின்பற்றும் உரிமை 1940 தீர்ப்பாலும், அரசு மதத்துக்கான தடை 1947இல் எவர்சன் வழக்காலும் மாநிலங்களுக்கும் பொருந்தின. நியூ ஜெர்சியில் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தை அரசு திருப்பித் தரலாமா என்பதே எவர்சன் வழக்கு. அரசையும் சபையையும் பிரிக்கும் சுவர் உயரமாக, உறுதியாக நிற்க வேண்டும் என்று எழுதிவிட்டு, 5-4 என்ற கணக்கில் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்புச் சொன்னார்கள்.

அரசையும் சபையையும் பிரிக்கச் சொன்னது நாத்திகர்கள்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பிரிவினைக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் பக்தர்கள்.

வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் சபைதான், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைதான், அரசு மதம். உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட் போதகர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1774 ஜனவரியில் 22 வயது மாடிசன், பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் மதக் கருத்துகளை வெளியிட்டதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று கொதித்துப்போய் நண்பருக்கு எழுதினார்.

1784இல் வர்ஜீனியா அரசியல் தலைவர் பேட்ரிக் ஹென்றி அங்கே ஒரு மசோதா கொண்டுவந்தார். எல்லோரும் வரி கட்ட வேண்டும், அது எந்தக் கிறிஸ்தவ சபையின் போதகருக்குப் போகட்டும் என்பதை அவரவர் சொல்லலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, வாஷிங்டன்கூட முதலில் பெரிதாக எதிர்க்கவில்லை. மாடிசன் 1785இல் 15 காரணங்களை அடுக்கி ஒரு கண்டன மனு எழுதினார். ஒரு மதத்துக்காக ஒருவனிடம் மூன்று பென்ஸை மட்டும் கட்டாயமாகப் பிடுங்க அதிகாரம் இருக்கும் அரசுக்கு, அவனை எந்த அளவுக்கும் வளைக்க அதிகாரம் இருக்கும் என்பது அதன் கூரான இடம். மாடிசனின் மனுவை விட, பாப்டிஸ்டுகளும் பிரெஸ்பிட்டீரியன்களும் அனுப்பிய மனுக்களில்தான் கையெழுத்து அதிகம். அரசுப் பணம் வந்தால் போதகன் ஆண்டவனுக்கு அல்ல, அதிகாரிக்குப் பதில் சொல்பவனாகிவிடுவான் என்பது அவர்கள் பயம். ஹென்றியின் மசோதா செத்தது. அந்த வேகத்திலேயே 1786 ஜனவரியில், சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சனின் மதச் சுதந்திரச் சட்டம் வர்ஜீனியாவில் நிறைவேறியது. அவர் அப்போது பிரான்ஸில் தூதர். அடுத்த ஆண்டு மாநாட்டின்போதும் அங்கேதான் இருந்தார், அரசமைப்புச் சட்டத்தில் அவர் கையெழுத்து கிடையாது.

‘பிரிக்கும் சுவர்’ என்ற சொல் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. அது ஒரு கடிதத்தில் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்து டேன்பரி பாப்டிஸ்டுகள், தங்கள் மத உரிமை ஏதோ அரசு போட்ட பிச்சை மாதிரி இருக்கிறது என்று குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். 1802 ஜனவரி 1 அன்று அவர் எழுதிய பதிலில்தான் அந்தச் சுவர்.

அன்றைக்கு அவர் வீட்டு வாசலுக்கு இன்னொன்றும் வந்தது. மாசசூசெட்ஸின் செஷயர் ஊர்ப் பாப்டிஸ்டுகள் செய்து அனுப்பிய 1,235 பவுண்டு பாலாடைக்கட்டி, கிட்டத்தட்ட 560 கிலோ. கொண்டுவந்தவர் அவர்களின் போதகர் ஜான் லீலண்ட். ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை, பிரதிநிதிகள் அவை மண்டபத்திலேயே லீலண்ட் பிரசங்கம் செய்தார். சுவரைப் பற்றி எழுதி இரண்டு நாள் ஆன ஜெஃபர்சன் அந்த அரசுக் கட்டடத்தில் உட்கார்ந்து கேட்டார். இரு தரப்பும் தங்களுக்குத் தோதான நாளை மட்டும் சொல்லும். மூன்று நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடிதத்தின் வரைவில் அடித்துவிட்ட வரிகள் உண்டு. 1998இல் எஃப்.பி.ஐ. ஆய்வகம் மையைத் தாண்டி அவற்றைப் படித்துக் கொடுத்தது. விரதநாள், நன்றிநாள் அறிவிப்புகளை ஏன் வெளியிடுவதில்லை என்று ஜெஃபர்சன் விளக்கியிருந்தார். நியூ இங்கிலாந்தில் சொந்தக் கட்சிக்காரர்களே வருத்தப்படுவார்கள் என்று அட்டர்னி ஜெனரல் லீவை லிங்கன் சொன்னதும் நீக்கிவிட்டார். நித்தியப் பிரிவினை என்பதிலிருந்த ‘நித்திய’வும் போயிற்று. ஆகவே அது அரசியல் கணக்கும் கலந்த கடிதம். 1879இல் பலதார மண வழக்கிலும் 1947இல் எவர்சன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் எடுத்தாண்ட பிறகே அதற்குச் சட்ட எடை வந்தது. சுவர் உருவகமும் ஜெஃபர்சனின் சொந்தச் சரக்கு அல்ல. 1644இல் ரோஜர் வில்லியம்ஸ், சபை என்னும் தோட்டத்தை உலகம் என்னும் காட்டிலிருந்து காக்கும் வேலியாக அதைச் சொல்லியிருந்தார்.

திரிப்போலி ஒப்பந்தத்தை வைத்து வாதத்தை முடித்துவிடலாமா?

வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியோடு (இன்றைய லிபியா) அமெரிக்கா செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வலுவான சீட்டுதான், பார்த்து இறக்குங்கள். ‘அமெரிக்க அரசு எந்த வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டது அல்ல’ என்கிறது அதன் 11ஆவது பிரிவு. 1797 ஜூன் 7 அன்று செனட்டில் எதிர்ப்பே இல்லாமல் தேறியது, குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார், செய்தித்தாள்களிலும் வந்தது. எதிராளி இரண்டு விஷயம் சொல்வார். அரபு மூலத்தில் அந்தப் பிரிவே இல்லை, அதே திரிப்போலியோடு செய்த 1805 ஒப்பந்தத்தில் அந்த வாசகம் கிடையாது. இரண்டும் சரிதான். ஆனால் செனட்டர்களும் ஆடம்ஸும் ஏற்றது 11ஆம் பிரிவோடு கூடிய ஆங்கிலப் பிரதியை.

டாலர் நோட்டில் கடவுள் இருக்கிறாரே?

நிறுவியவர்கள் வைத்தது அல்ல. ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் உள்நாட்டுப் போரின் நடுவே, 1864இல், இரண்டு சென்ட் நாணயத்தில் முதலில் வந்தது. தேசிய முழக்கமானது 1956இல், நோட்டில் ஏறியது 1957இல். கொடி உறுதிமொழி 1892இல் எழுதப்பட்டது, ‘கடவுளின் கீழ்’ என்பதைச் சேர்த்தது 1954இல். சோவியத் நாத்திகத்துக்கு எதிராகச் செய்த அலங்காரம். பள்ளியில் உங்கள் பிள்ளை அந்த உறுதிமொழியைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 1943 தீர்ப்பே போதும்.

மேற்கோள் உண்மையா, புரட்டா? எப்படிச் சரிபார்ப்பது?

யார், யாருக்கு, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். தேதி இல்லாத மேற்கோளை அப்போதே ஓரம்கட்டலாம். தேதி கிடைத்தால் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன், மாடிசன் ஆகியோரின் கடிதங்கள் இருக்கின்றன. தமிழில் வந்த மேற்கோளை நாமே ஆங்கிலமாக்கித் தேடினால் சிக்காது. ஆங்கில வாசகத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஐந்தாறு தொடர்ச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். எழுத்துக்கூட்டல் அன்று வேறு, அதனால் முதல் முறை கிடைக்காவிட்டால் வேறு துண்டைப் போடுங்கள். கிடைத்ததும் முன்னும் பின்னும் ஒரு பத்தி படிப்பது கட்டாயம்.

ஏன் என்றால், வெட்டுவதில் இரு தரப்பும் கெட்டிக்காரர்கள். மதமே இல்லாவிட்டால் இதுவே உலகங்களில் சிறந்த உலகம் என்று ஆடம்ஸ் சொன்னதாகச் சுற்றும். 1817 ஏப்ரல் 19 அன்று ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில், அப்படிக் கத்திவிடத் தோன்றியது என்று சொல்லிவிட்டு, மதம் இல்லாத உலகம் நரகமாக இருக்கும் என்று அடுத்தாற்போல் முடிக்கிறார். மறுபக்கம், நம் நாகரிகத்தின் எதிர்காலமே பத்துக் கட்டளைகளில் இருப்பதாக மாடிசன் சொன்னார் என்ற மேற்கோள் அவர் எழுத்தில் எங்குமே கிடைத்ததில்லை. பேட்ரிக் ஹென்றி பேரில் உலவும், இந்த நாடு சுவிசேஷத்தின் மேல் நிறுவப்பட்டது என்ற வரி 1956இல் ஒரு பத்திரிகையில் யாரோ எழுதியது.

இந்து ஒருவர் பதவி ஏற்க முடியுமா? பைபிள் மேல் கை வைக்க வேண்டுமா?

வேண்டாம். 1825இல் ஜான் குவின்சி ஆடம்ஸ் சட்டப் புத்தகத்தின் மேல் கை வைத்தார். 1853இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் சத்தியம் செய்யாமல் உறுதி மட்டும் கூறினார். பிரதிநிதிகள் அவையில் எல்லோரும் மொத்தமாக வலக் கையை உயர்த்துவதுதான் சட்டப்படியான பிரமாணம், புத்தகம் புகைப்படத்துக்கு. 2007இல் கீத் எலிசன் ஜெஃபர்சனின் குர்ஆன் பிரதியையும், 2013இல் துளசி கப்பார்ட் பகவத் கீதையையும் அப்படித்தான் வைத்தார்கள்.

குடியுரிமைப் பிரமாணம் எடுக்கப் போகும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. கடைசியில் வரும் ‘கடவுள் துணை’ என்ற சொற்களை விட்டுவிடக் கோரலாம். அதற்கு மத நம்பிக்கை பற்றி எந்த ஆதாரமும் காட்ட வேண்டியதில்லை. ஆயுதம் ஏந்தும் வாசகத்தை விட வேண்டுமானால் ஆதாரம் கேட்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு நேர்காணலில் மாட்டாதீர்கள்.

டெக்சாஸ், டென்னசி போன்ற சில மாநில அரசமைப்புகளில் நாத்திகருக்குப் பதவி இல்லை என்ற பழைய வாசகம் இன்னும் அச்சில் கிடக்கிறது. 1961இல் மேரிலாந்து நோட்டரி ஒருவரின் வழக்குக்குப் பிறகு அதற்கு உயிர் இல்லை.

பள்ளியில் ஜெபம் தடை செய்யப்பட்டதா?

அரசு நடத்தும் ஜெபம் தடை. பிள்ளை தானாகச் செய்யும் ஜெபத்துக்குத் தடை இல்லை. நியூயார்க் அதிகாரிகள் எழுதிக் கொடுத்த 22 சொல் ஜெபத்தை 1962இல் நீதிமன்றம் நிறுத்தியது. தினம் பத்து வசனமாவது பைபிள் வாசிக்க வேண்டும் என்ற பென்சில்வேனியா சட்டம் 1963இல் போயிற்று. சாப்பிடும் முன் கண் மூடுவதையோ, திருநீறு வைப்பதையோ இந்தத் தீர்ப்புகள் தொடவில்லை. 2022இல் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்ட கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆசிரியரின் சொந்த ஜெபம் எங்கே முடிகிறது, மாணவர் மீதான அழுத்தம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் இப்போது சண்டை.

நம் ஊர் அறநிலையத் துறை மாதிரி அங்கே உண்டா?

கற்பனைகூடச் செய்ய முடியாது. அரசு அதிகாரி கோயில் உண்டியலை எண்ணுவதும், அர்ச்சகரை நியமிப்பதும் அங்கே முதல் திருத்தத்தின் முன் ஒரு நாள் நிற்காது. மதச்சார்பின்மை என்ற ஒரே சொல்லை இரு நாட்டுக்கும் போடுவதால் தமிழில் குழப்பம் வருகிறது. இந்தியாவில் அரசு கோயிலுக்குள் வந்து சீர்திருத்தலாம். அமெரிக்காவில் அரசு வாசலோடு நிற்க வேண்டும். அறங்காவலர்களுக்குள் சண்டை வந்தால் நீதிபதி பத்திரத்தையும் சங்க விதியையும் பார்ப்பார், ஆகமத்தில் கை வைக்க மாட்டார்.

வழிபாட்டுத் தலத்துக்கு வருமான வரி விலக்கு தானாகவே உண்டு, விண்ணப்பம் கட்டாயம் இல்லை. நன்கொடையாளர் சான்று கேட்பார் என்பதால் பல கோயில்கள் எழுதி வாங்கிக்கொள்கின்றன. தேர்தலில் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்ற 1954 சட்டம் பெரும்பாலும் தூங்கும். ஆனால் 1992இல் கிளிண்டனுக்கு எதிராகப் பத்திரிகை விளம்பரம் கொடுத்த ஒரு தேவாலயம் விலக்கை இழந்தது, 2000இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. கோயில் கட்ட உள்ளூர் அனுமதி இழுத்தடித்தால் 2000ஆம் ஆண்டின் நில உபயோகச் சட்டம் கை கொடுக்கும். ஆனால் வாகன நிறுத்த விதி எல்லோருக்கும் ஒன்று என்றால் அதைப் பூர்த்தி செய்யத்தான் வேண்டும்.

உச்ச நீதிமன்றம் இப்போது எந்தப் பக்கம் சாய்கிறது?

மதத்துக்கு இடம் கொடுக்கும் பக்கம். 1971இலிருந்து இருந்த ‘லெமன்’ சோதனை, அரசுச் செயலின் நோக்கம், விளைவு, அதனால் அரசு மதத்தோடு எவ்வளவு சிக்கிக்கொள்கிறது என்ற மூன்றையும் பார்க்கும். 2022இல் அதைக் கைவிட்டு, வரலாறும் மரபும் என்ன சொல்கின்றன என்று பார்க்கத் தொடங்கினார்கள். தனியார் பள்ளிக்கு மாநிலம் உதவித்தொகை தந்தால் மதப் பள்ளியை மட்டும் ஒதுக்கக் கூடாது என்று 2020இல் மொன்டானா வழக்கிலும் 2022இல் மெய்ன் வழக்கிலும் சொன்னார்கள்.

வரலாற்றைப் பார்ப்பது என்றால் எந்த வரலாற்றை? 1789இன் அவைப் போதகரையா, 1785இன் மூன்று பென்ஸையா? மேலே உள்ள பழைய கதைகள் இன்று வழக்கறிஞர்களின் மனுக்களில் ஏறியிருப்பது இதனால்தான். ஓக்லஹோமாவில் முழுக்க அரசுப் பணத்தில் ஒரு கத்தோலிக்க இணையப் பள்ளி நடத்தலாமா என்ற வழக்கு 2025 மே மாதம் 4-4 என்று நின்றது, ஒரு நீதிபதி விலகியிருந்தார். மாநில நீதிமன்றம் விதித்த தடை அப்படியே நிற்கிறது. ஆனால் சமநிலைத் தீர்ப்பு முன்னுதாரணம் ஆகாது என்பதால், இதே கேள்வியை வேறொரு மாநிலம் மறுபடி கொண்டுவர வாசல் திறந்தே இருக்கிறது.